செல்பேசியின் நகலும் அதன் சாவியும்

புது தில்லி: செல்பேசி தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அரசிடம் ஒரு பதில் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் அளித்துவிட்டு, 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் கருவியின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பதிவு செய்தால் போதும். அக்கருவியில் எந்த நிறுவனத்தின் சிம் அட்டையைப் பொருத்தினாலும் இயங்காதபடி முடக்கிவிடுவார்கள். பின்னர் கிடைத்துவிட்டால் உரியவரிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு.

ஆனால், கருவிக்குள் இருந்தவை என்னவாகும்? பத்தாண்டுக் காலப் புகைப்படங்கள், தொலைபேசி எண்கள், வங்கிச் செய்திகள், மருத்துவ அறிக்கைகள், மறைந்த தந்தையின் குரல் பதிவு ஆகியவற்றை எந்த இணையதளமும் மீட்டுத் தராது. இதற்குப் பதில் சொல்பவை செல்பேசி நிறுவனங்களே. 'பேக்கப்' எனப்படும் காப்புப் பிரதியே அந்தப் பதில்.

இரவில் மின்னேற்றத்துக்காகச் செருகப்பட்டு, வைஃபை இணைப்பில் இருக்கும் செல்பேசி, உரிமையாளர் உறங்கும் நேரத்தில் தன் நகலை ஏதோவொரு தரவு மையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. புதிய கருவி வாங்கியதும் அந்த நகல் இறங்கி வந்து பழையபடி அமர்ந்துகொள்கிறது. பயனுள்ள வசதிதான். ஆனால் அதன் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. செல்பேசியில் உள்ளவற்றில் பெரும்பகுதி இப்போது இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று நம் சட்டைப் பையில், மற்றொன்று நாம் பார்த்தே இராத ஓரிடத்தில். முதலாவதன் பூட்டு நம்மிடம் இருக்கிறது. இரண்டாவதன் சாவி யாரிடம் இருக்கிறது?

நாடாளுமன்றத்திலும் அதன் குழுக்களிலும் தகவல் பாதுகாப்புப் பற்றி ஆறு ஆண்டுகள் விவாதம் நடந்தது. அந்த விவாதத்தின் பெரும்பகுதி தகவல் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதைச் சுற்றியே அமைந்தது. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி, செல்பேசியின் அமைப்புகள் பகுதியில் நான்காவது, ஐந்தாவது திரைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு தேர்வாக நிறுவனங்களிடமே விடப்பட்டுவிட்டது.

இருவகை நகல்கள்

காப்புப் பிரதி எடுப்பதில் இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, நம் வசமுள்ள கணினியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேபிள் மூலம் பிரதி எடுத்து வைப்பது. இதற்கு இணையம் வேண்டாம், மாதக் கட்டணம் இல்லை. ஆனால் நினைவு வைத்துச் செய்ய வேண்டும். வீட்டில் தீ, வெள்ளம், திருட்டு என்று ஏதேனும் நேர்ந்தால் செல்பேசியும் பிரதியும் ஒன்றாகவே போகக்கூடும்.

இரண்டாவது, 'கிளவுட்' எனப்படும் இணையவழிச் சேமிப்பு. இது தானாகவே நடக்கும். கூகுள் நிறுவனம் 15 ஜிபி வரையிலும், ஆப்பிள் நிறுவனம் 5 ஜிபி வரையிலும் கட்டணமின்றி இடம் தருகின்றன. அதற்கு மேல் மாதச் சந்தா. கூகுள் போட்டோஸில் கட்டணமின்றி வரம்பில்லாமல் படங்களைச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1-இல் முடிவுக்கு வந்தது. ஆண்ட்ராய்டு செல்பேசிகளின் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் 2024 முதல் இந்த 15 ஜிபி கணக்கில் சேர்க்கப்பட்டது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அவற்றில் உள்ளவற்றோடு நீக்கும் நடைமுறையையும் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. இலவசமாகக் கிடைத்த பரண், வாடகை வீடாகிவிட்டது.

'சிங்க்' எனப்படும் ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். ஒரே தகவலைச் செல்பேசி, கணினி, இணையக் கணக்கு ஆகிய அனைத்திலும் ஒரே நிலையில் வைத்திருப்பது ஒத்திசைவு. ஓரிடத்தில் ஒரு படத்தை அழித்தால் மற்ற இடங்களிலும் அது அழிந்துவிடும். குறிப்பிட்ட நாள்கள்வரை 'குப்பைக் கூடை'யில் இருக்கலாம், அவ்வளவே. காப்புப் பிரதி என்பதோ, மூலத்தில் நடந்த தவறு தன்னைத் தொடாதபடி தனித்து நிற்பது. தொடர்பு எண்களுக்கும் நாள்காட்டிக்கும் ஒத்திசைவு போதும். இழக்கக் கூடாதவற்றுக்கு அது போதாது.

மூன்று நிலைப் பூட்டு

இணையத்தில் சேமிக்கப்படும் அனைத்தும் 'என்கிரிப்ஷன்' எனப்படும் மறையாக்கத்தால் பாதுகாக்கப்படுவதாக நிறுவனங்கள் கூறுகின்றன. அது உண்மை. ஆனால் மறையாக்கம் எல்லாம் ஒன்றல்ல. தகவல் பயணிக்கும்போது பூட்டப்படுவது ஒரு நிலை. சேமிப்பகத்தில் பூட்டப்பட்டு, சாவியை நிறுவனம் வைத்திருப்பது அடுத்த நிலை. சாவி பயனாளரிடம் மட்டுமே இருப்பது மூன்றாம் நிலை. இரண்டாம் நிலையில், பயனாளர் கடவுச்சொல்லை மறந்தாலும் நிறுவனம் மீட்டுத் தர முடியும். அதே காரணத்தால், சட்டப்படியான ஆணை வந்தால் பயனாளருக்குத் தெரியாமலே திறந்து கொடுக்கவும் முடியும். மூன்றாம் நிலையில் இரண்டுமே இயலாது.

வாட்ஸ்அப் உரையாடலை இருவரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாது என்ற விளம்பரம் அனைவருக்கும் தெரியும். ஆனால் அந்த உரையாடலின் காப்புப் பிரதி கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சென்று அமரும்போது, அதே பாதுகாப்பு தானாகக் கிடைப்பதில்லை. காப்புப் பிரதிக்கும் மூன்றாம் நிலைப் பூட்டுப் போடும் வசதி 2021 அக்டோபரில்தான் வந்தது. அதையும் பயனாளரே தேடிச் சென்று இயக்க வேண்டும். ஒருவர் இயக்கினாலும், எதிர்முனையில் உள்ளவர் இயக்காவிட்டால், அதே உரையாடல் அவரது கணக்கில் தளர்ந்த பூட்டுடன் கிடக்கும்.

ஆப்பிள் நிறுவனம் காப்புப் பிரதி, புகைப்படங்கள், குறிப்புகள் உள்ளிட்டவற்றின் சாவியைப் பயனாளரிடமே விடும் 'மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு' வசதியை 2022 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கி, 2023-இல் பிற நாடுகளுக்கும் விரிவாக்கியது. இதுவும் தாமாக முன்வந்து இயக்க வேண்டியதே. ஆண்ட்ராய்டில், 2018-இல் வெளியான 9-ஆம் பதிப்பு முதல், செயலிகளின் தரவுப் பிரதி திரைப் பூட்டு எண்ணுடன் இணைத்துப் பூட்டப்படுகிறது. ஆனால் கூகுள் போட்டோஸில் உள்ள படங்களுக்கு இந்த ஏற்பாடு கிடையாது.

ஆறு ஆண்டு விவாதம்

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குச் சற்று முன் அமைக்கப்பட்ட நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு, 2018 ஜூலையில் அறிக்கை அளித்தது. தனிநபர் தகவலின் ஒரு பிரதியாவது இந்தியாவில் இருக்க வேண்டும், மிக முக்கியமானவை இந்தியாவில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதே ஆண்டு ஏப்ரலில், பணப் பரிவர்த்தனைத் தகவல்களை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருந்தது.

2019 டிசம்பரில் அறிமுகப்படுத்தப்பட்ட மசோதா, கூட்டுக் குழுவில் இரண்டாண்டுகள் இருந்து, 2021 டிசம்பரில் அறிக்கையுடன் திரும்பி, 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. புதிய மசோதா 2023 ஆகஸ்டில், மணிப்பூர் விவகாரத்தில் எழுந்த அமளிக்கிடையே மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதுவே எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தகவலை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்ற பொது நிபந்தனை அதில் இல்லை. அரசு தடை செய்யும் நாடுகளைத் தவிர வேறெங்கும் அனுப்பலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வருவதற்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது.

தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க இச்சட்டம் வழி செய்கிறது. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் அபராதத் தொகை அரசுக் கருவூலத்துக்கே செல்லும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டம் வகை செய்துள்ளது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்களிக்கவும் 17-ஆவது பிரிவு இடம் தருகிறது. சாவி யாரிடம் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

தகவல் இருக்கும் நாடு முக்கியமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதனால் மட்டும் பாதுகாப்புக் கிடைத்துவிடுவதில்லை. தங்கள் நாட்டு நிறுவனத்தின் வசமுள்ள தகவல், உலகில் எந்த மூலையில் சேமிக்கப்பட்டிருந்தாலும் ஆணை பிறப்பித்துப் பெறலாம் என்று அமெரிக்கா 2018-இல் 'கிளவுட் சட்டம்' இயற்றிக்கொண்டது. காப்புப் பிரதி மும்பையில் இருந்தாலும், அதை வைத்திருப்பது அமெரிக்க நிறுவனமாகவும் சாவி அதனிடமும் இருக்குமானால், அதைத் திறக்கக் கோரும் அதிகாரம் வாஷிங்டனுக்கும் உண்டு, தில்லிக்கும் உண்டு. உரிமையாளருக்குத் தெரிந்துதான் அது நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

அலமாரியிலிருந்து சேமிப்பகத்துக்கு

இந்தக் கேள்வியை நேரடியாக நாடாளுமன்றத்தின் முன் கொண்டுவந்தது, தகவல் பாதுகாப்புச் சட்டம் அல்ல. வருமான வரிச் சட்டம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு, சோதனைக்குச் செல்லும் அதிகாரி கதவு, பெட்டி, லாக்கர், அலமாரி ஆகியவற்றின் சாவி கிடைக்காவிட்டால் பூட்டை உடைக்கலாம் என்றது. 2002-இல் மின்னணு ஆவணங்களைப் பார்வையிட உதவுமாறு கோரும் அதிகாரமும் சேர்க்கப்பட்டது.

இச்சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 247-ஆவது பிரிவு அடுத்த படிக்குச் சென்றது. கடவுக்குறி கிடைக்காதபோது, கணினி அமைப்பு அல்லது 'மெய்நிகர் எண்மவெளி'யின் கடவுக்குறியை மீறி உள்ளே நுழையலாம். மின்னஞ்சல் சேமிப்பகம், சமூக ஊடகக் கணக்கு, இணைய முதலீட்டுக் கணக்கு, தொலைவிலுள்ள கிளவுட் சேமிப்பகம் ஆகியவை அந்த வெளிக்குள் அடங்கும். செல்பேசியின் காப்புப் பிரதி இருப்பது இங்கேதான்.

அரசுத் தரப்பின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கணக்குப் புத்தகம் அலமாரியிலிருந்து செல்பேசிக்கு மாறிவிட்டது. 2025 மார்ச்சில் மக்களவையில் பேசிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், செல்பேசியில் இருந்த மறையாக்கச் செய்திகள் மூலம் கணக்கில் வராத ரூ. 250 கோடி கண்டறியப்பட்டதாகவும், ரொக்கம் பதுக்கிய இடங்களைக் காண கூகுள் மேப்ஸ் பதிவுகள் உதவியதாகவும் தெரிவித்தார். இந்த அதிகாரம் சோதனை நடவடிக்கைகளின்போது மட்டுமே பயன்படுத்தப்படும், சாதாரண வரி செலுத்துவோர் அஞ்ச வேண்டியதில்லை என்பது துறையின் விளக்கம்.

ஆயினும், அலமாரிக்கும் காப்புப் பிரதிக்கும் வேறுபாடு உண்டு. அலமாரியில் இருப்பது உரிமையாளர் வைத்தவை. காப்புப் பிரதியில் இருப்பது, அவருக்கு மற்றவர்கள் அனுப்பியவையும் சேர்த்து. மனைவியின் மருத்துவ அறிக்கை, மகளின் படங்கள், நண்பரின் கடன் புலம்பல், வழக்கறிஞரின் ஆலோசனை, செய்தியாளருக்குத் தகவல் தந்தவரின் பெயர் அனைத்தும் அங்கே உண்டு. முந்தைய செல்பேசியில் இருந்தவையும், இப்போதைய செல்பேசியில் அழிக்கப்பட்டவையும்கூட அங்கே எஞ்சியிருக்கலாம். பூட்டை உடைத்தால் அலமாரியின் உரிமையாளருக்குத் தெரியும். எங்கோ உள்ள நகல் திறக்கப்பட்டால் கதவில் கீறல்கூட விழாது.

சோதனைக்கு ஆணையிட, 'நம்புவதற்குக் காரணம்' இருக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள முக்கியக் காப்பு. ஆனால் அந்தக் காரணத்தை எவருக்கும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும்கூட, தெரிவிக்க வேண்டியதில்லை என்று 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விளக்கம் சேர்த்துவிட்டது. புதிய மசோதா 31 உறுப்பினர் தேர்வுக் குழுவின் பார்வைக்குச் சென்று, 2025 ஜூலை 21-இல் அறிக்கை அளிக்கப்பட்டது. கடவுக்குறியை மீறும் அதிகாரம் நிலைத்தது. ஆகஸ்ட் 11-இல், பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடர்பான அமளிக்கிடையே, விவாதமின்றி மக்களவையில் மசோதா நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. தகவல் பாதுகாப்புச் சட்டம் போலவே இதுவும் கூச்சலின் நடுவே கடந்து போயிற்று. அவையை நடத்தாத ஆளும் தரப்புக்கும், அவையில் பேசாத எதிர்த் தரப்புக்கும் இதில் பங்கு உண்டு.

நீதிமன்றங்களில் நிலைமை இன்னும் தெளிவடையவில்லை. கடவுச்சொல்லைத் தருமாறு நீதிமன்ற ஆணை மூலம் கோருவது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவது ஆகாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. கட்டாயப்படுத்த முடியாது என்று தில்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் 2022-இல் கூறியது. புலனாய்வு அமைப்புகள் செல்பேசிகளைப் பறிமுதல் செய்வதற்கு வழிகாட்டு நெறிமுறைகள் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் வலியுறுத்தியது. அதுவரை சிபிஐ கையேட்டைப் பின்பற்றுவதாக மத்திய அரசு மறுமாதம் தெரிவித்தது. பறிமுதலாகும் கருவிக்கே நெறிமுறை கேட்டு நீதிமன்றம் செல்ல வேண்டியிருக்கும்போது, தொலைவில் கிடக்கும் நகலின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரு நாடுகள், இரு படிப்பினைகள்

சாவி பயனாளரிடமே இருக்கும் வசதியை அரசுகள் விரும்புவதில்லை என்பதற்குப் பிரிட்டன் சான்று. 2016-ஆம் ஆண்டு புலனாய்வு அதிகாரச் சட்டத்தின் கீழ் அந்நாட்டு அரசு ஆப்பிளுக்கு ரகசிய ஆணை பிறப்பித்ததாகச் செய்தி வெளியானது. அதைத் தொடர்ந்து 2025 பிப்ரவரியில், 'மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு' வசதியைப் பிரிட்டனின் புதிய பயனாளர்களுக்கு வழங்குவதை ஆப்பிள் நிறுத்திக்கொண்டது. அங்கே விவாதம் எழுந்ததற்குக் காரணம், அந்த வசதியின் பெயரையாவது மக்கள் அறிந்திருந்ததே.

மற்றொரு படிப்பினை தென் கொரியாவிலிருந்து வந்தது. 2025 செப்டம்பர் 26-இல் தேஜோன் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் பணி ஆவணங்களைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' முற்றாக அழிந்தது. அதில் இருந்த 858 டெராபைட் தகவலுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் உள்ள நாட்டுக்கே நேர்ந்த கதி இது. கிளவுட் என்பது வானத்து மேகம் அல்ல. பேட்டரியும் மின்கம்பியும் உள்ள மற்றொருவரின் கட்டடம். அங்கும் தீப்பிடிக்கும்.

ஒரு நாடு சாவி பற்றியும், மற்றொன்று நகல் பற்றியும் எச்சரிக்கின்றன. இரண்டும் இந்தியாவுக்குப் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

நாடாளுமன்றம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இணையத்தில் உள்ள காப்புப் பிரதியைத் திறக்க, அவசர நிலை தவிர மற்ற வேளைகளில், நீதிபதியின் முன் அனுமதி தேவை என்று ஏன் விதிக்கக் கூடாது? விசாரணைக்கு ஊறு நேராத காலம் கடந்தபின், திறக்கப்பட்ட விவரம் உரிமையாளருக்கு ஏன் தெரிவிக்கப்படக் கூடாது? வழக்குக்குத் தொடர்பில்லாத பிறரின் தகவலைப் பிரித்து அழிக்கும் பொறுப்பு யாருடையது? சாவி யாரிடம் இருக்கிறது என்பதை, செல்பேசியை முதன்முதலாக இயக்கும்போதே பயனாளரின் தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்று நிறுவனங்களை ஏன் கட்டாயப்படுத்தக் கூடாது? இவற்றில் எதுவும் வரி ஏய்ப்பவரையோ குற்றவாளியையோ தப்பவிடாது. அலமாரியைச் சோதிக்கும்போது பஞ்சநாமா எழுதுவதும் சாட்சிகளை அழைப்பதும் சோதனையைத் தடுத்துவிடவில்லையே.

சட்டம் வரும்வரை குடிமக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இழக்கக் கூடாதவற்றுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்பது கணினித் துறையினர் நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி. செல்பேசியில் ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் கடவுச்சொல்லுடன் ஒன்று, இணையத்தில் ஒன்று என்றாலே விதி நிறைவேறிவிடும். வாட்ஸ்அப் காப்புப் பிரதிக்கான மறையாக்கத்தை இயக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அங்கே தரப்படும் கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவது கட்டாயம். அது தொலைந்தால் அரசாலும் திறக்க இயலாது, நிறுவனத்தாலும் இயலாது, நம்மாலும் இயலாது. சாவியைத் தம் கையில் கேட்பவர் ஏற்க வேண்டிய பொறுப்பு அது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் காப்புப் பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதும் நல்லது. திறந்து பார்க்காத பிரதி, இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் பிரதி மட்டுமே.

இந்த முன்னெச்சரிக்கைகள் எல்லாம் விவரம் அறிந்தவரை மட்டுமே காக்கும். இந்தியாவில் செல்பேசி இணைப்புகளின் எண்ணிக்கை நூறு கோடியைத் தாண்டிப் பல ஆண்டுகளாகின்றன. அவற்றைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் அமைப்புகள் பகுதியின் ஐந்தாவது திரைக்கு ஒருநாளும் செல்லப் போவதில்லை. அவர்களுக்காகப் பேச வேண்டிய இடம் அவைதான். இதே பொருள் அடுத்த முறை மசோதாவாக வரும்போதாவது, கூச்சலுக்கு இடையே குரல் வாக்கெடுப்பில் அது கடந்து போகாதிருக்க வேண்டும்.